அவிழ்த்துவிட்டவர்

அவரைப் பற்றி இப்போது சொல்லப்படும் கதைகளில் பாதி பொய். கடலுக்கு மேலால் நடந்தாராம். நாகம் வந்து காலைச் சுற்றிப் படுத்ததாம். ஒரே நேரத்தில் திருக்கோவிலிலும் என் கடை வாசலிலும் நின்றாராம். அவருக்குப் பல வருடம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவன் நான். என் கடை வாசலில் நின்றபோது அவர் என் கடை வாசலில்தான் நின்றார். திருக்கோவிலில் நின்றது வேறு யாராவது கிழவனாக இருக்கும்.

அவர் செய்தது ஒரே வேலை. கட்டியிருப்பதைக் கண்டால் அவிழ்ப்பார். அதைவிடப் பெரிய அற்புதம் எதையும் நான் பார்க்கவில்லை.

கல்முனையிலிருந்து தெற்கே போகும் பெரிய வீதியில், முஸ்லிம்களான எங்கள் சோனக ஊர் முடிந்து தமிழ் ஊர் தொடங்குகிற இடத்தில் என் சாப்பாட்டுக் கடை. சோற்றுப் பார்சலைத் தாளில் சுற்றி நூலால் கட்டி மேசையில் அடுக்கி வைப்போம். காலையில் வருவார். இருக்கச் சொன்னால் இருக்க மாட்டார். இடது கையில் தேத்தண்ணிக் கிளாஸ், வலது கை பார்சல்களுக்குப் போகும். பெருவிரல் நகத்தை நீளமாக வளர்த்திருந்தார். அதை முடிச்சுக்குள் விட்டு ஒரு திருப்பு. அவ்வளவுதான். நூல் மேசையில் கிடக்கும், அடுத்த பார்சல்.

ஒருநாள் மரம் ஏற்றுகிற லொறிக்காரன் ஒருவன் அப்படி அவிழ்ந்த பார்சலைப் பார்க்காமல் தூக்கிக்கொண்டு போய் சீட்டில் வைத்தான். கறி முழுவதும் அவன் சாரத்தில். திரும்பி வந்து அவருடைய தோளைப் பிடித்து உலுக்கினான். அவர் கோபப்படவில்லை, பயப்படவும் இல்லை.

"சோத்துக்கு வேர்க்குது மனே," என்றார். "கட்டாத."

லொறிக்காரனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் நிற்கும்வரை நான் பார்சல் கட்டுவதில்லை. அவர் போன பிறகு கட்டினேன். வேறு என்ன செய்வது, கடை நடக்க வேண்டுமே.

அவர் எங்கிருந்து வந்தார் என்று தெரியாது. வன்னி என்றார்கள், இந்தியா என்றார்கள், எங்கோ வாத்தியாராக இருந்தவர் என்றார்கள். நான் கேட்கவில்லை. தமிழ் ஊரில் சாமி என்றார்கள். எங்கள் பையன்கள் முடிச்சவிழ்க்கி என்று பின்னால் கூப்பிட்டுக்கொண்டு போவார்கள். அது களவெடுப்பவனைத் திட்டும் பேச்சு. அவர் திரும்பி நின்று, அது தனக்குக் கிடைத்த பட்டம் மாதிரிச் சிரிப்பார்.

படுக்கை வெட்டையில். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இரண்டு ஊருக்கும் நடுவில், கடலை ஒட்டி ஒரு வெறும் நிலம் கிடக்கிறது. சுனாமிக்கு முன்னர் அங்கே வீடுகள் இருந்தன. இரண்டு பக்கத்தாருடைய வீடுகளும். கடல் வந்து வீட்டையும் எடுத்தது, வேலியையும் எடுத்தது, காணி உறுதிப் பத்திரங்களையும் எடுத்தது. கடலுக்குக் கிட்டக் கட்டக்கூடாது என்று அரசாங்கம் சொன்னது. பிறகு அந்தச் சட்டத்தை யாரும் கவனிக்கவில்லை. ஆனால் யாருடைய காணி எங்கே முடிகிறது என்பது யாருக்கும் தெரியாது. அதனால் இரண்டு ஊரும் முழுவதும் தனது என்றது. அந்த வெட்டையில் ஒரு பூவரச மரத்தடியில் அவர் கிடந்தார். ஆடு மாடு வரும், பையன்கள் பந்தடிப்பார்கள், மீன்காரர் குறுக்கால் போவார்கள். அவர் இருந்தவரை அங்கே எல்லை என்று ஒரு முளைக்கட்டைகூட யாரும் அடிக்கவில்லை. அடித்தால் காலையில் இருக்காது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின நாள் ஒன்றில் எங்கள் ஊர்க் குர்பான் மாடுகளை அந்த வெட்டையில்தான் கட்டியிருந்தார்கள். அஸர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் ஒரு மாடும் இல்லை. எல்லாம் மாவடிப்பள்ளிப் பக்கம் ஓடி வேளாண்மைக்குள் இறங்கி நிற்கின்றன. வயல்காரர் ஒரு பக்கம் கத்த, மாட்டுக்காரர் ஒரு பக்கம் கத்த, ஊர் இரண்டுபட்டது. தமிழ் ஆட்கள் குர்பானைக் கெடுக்க இவரை ஏவிவிட்டார்கள் என்று எங்கள் ஆட்கள் சொன்னார்கள். அவருக்கு அடி விழுந்தது. உதடு கிழிந்தது. நான் போய் இழுத்து வந்து கடைக்குள் இருத்தினேன். வீங்கின வாயோடு என் கைலேஞ்சித் துணியின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாளில் தமிழ் ஊர்க் கடற்கரையில் நின்ற தோணிகளை அவிழ்த்துவிட்டார். ஒன்று ஒலுவில் துறைமுகத்துப் பக்கம் போய்த்தான் பிடிபட்டது. இந்த முறை சோனகர் ஏவிவிட்டார்கள் என்றார்கள். மீன்காரரும் அடித்தார்கள். இரண்டு பக்கத்தாரிடமும் சமமாக அடி வாங்கிய மனிதனை நான் அவரைத் தவிர வேறு பார்க்கவில்லை.

ஆனால் தோணி இல்லாமல் அவர்கள் கரையில் நின்ற அன்றைக்குக் கடலில் பெருங்காற்று அடித்தது. அது போதும். அடித்த கைகளே கும்பிட்டன. காற்று எந்த நாளும்தான் அடிக்கிறது. நான் அதைச் சொன்னால் யாரும் கேட்கவில்லை. மட்டக்களப்பிலிருந்து வேன் பிடித்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

வேறு சாமிகள் கையில் நூல் கட்டிவிடுவார்கள். இவர் கட்டியிருக்கிற நூலை அவிழ்ப்பார். கையை நீட்டிக்கொண்டு பெண்கள் வரிசையில் நிற்பார்கள். எங்கள் பெண்களும் வந்தார்கள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, பிள்ளையின் கழுத்தில் லெப்பை ஓதி எழுதிக் கட்டிய இசிம் தாயத்தோடு வருவார்கள். அவர் அதையும் அவிழ்த்துக் கையில் கொடுத்துவிடுவார். பிள்ளை சுகமாகும். ஆகாமலும் விடும். இசிம் கட்டுவதே பாவம் என்று ஜும்ஆவில் பேசுகிற எங்கள் மௌலவி, அந்தக் காஃபிர் கிழவன் நம்மளை விட நல்ல வேலை செய்கிறான் என்று என் கடையில் வைத்துச் சொன்னார். சொல்லிவிட்டுச் சுற்றிப் பார்த்தார்.

கலியாணக் கதையை நான்தான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். எங்கள் ஊர்ப் பையன் ஒருவனுக்குக் கலியாணம் பேசி, பெண் வீட்டார் சீதன வீட்டுக்கு அத்திவாரமும் போட்டுவிட்டார்கள். ஒரு காலை அவன் கடையில் இருந்து ரொட்டி சாப்பிடுகிறான். நான் மறந்துபோய்ச் சாமிக்கு முன்னாலேயே கொத்துரொட்டிப் பார்சலுக்கு நூலைச் சுற்றினேன். அவர் "கட்டாத" என்றார். பையனின் கை அப்படியே நின்றது. எழும்பிப் போனவன் அந்தப் பெண்ணைக் கட்ட மாட்டேன் என்று வீட்டில் நின்றுகொண்டான். பெண்ணின் வாப்பா என் கடைக்கு வந்தார், என்னைக் கொல்கிற மாதிரி. அது உங்கள் மகளுக்குச் சொன்னதில்லை, கொத்துரொட்டிக்குச் சொன்னது என்று நான் அல்லாஹ்மேல் ஆணையிட்டுச் சொன்னேன். கலியாணம் நின்றது நின்றதுதான். பேருந்தில், சந்தையில், தமிழ் ஊர்ச் சலூனில் எல்லாம் இந்தக் கதையைச் சொல்லி ஆட்களைச் சிரிக்க வைத்தேன். நல்லாய்ச் சிரித்தார்கள்.

ஒரேயொரு முறை ஏன் இப்படி அவிழ்க்கிறீர்கள் என்று கேட்டேன். மழை பெய்துகொண்டிருந்தது, கடையில் ஆள் இல்லை. அவர் வெளியே வெட்டைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கடல் வந்த அண்டு, ஓடினதெல்லாம் ஓடிட்டு மனே," என்றார். "கட்டியிருந்த மாடு கட்டினபடியே கிடந்திச்சு."

மாட்டை மட்டும்தான் சொன்னாரா, வேறு யாரையும் சேர்த்துச் சொன்னாரா, எனக்குத் தெரியாது.

கடைசிக் காலத்தில் கால் இரண்டும் வீங்கிவிட்டன. லுஹர் தொழுகைக்குக் கடையைச் சாத்திவிட்டுப் போய்த் திரும்பி வந்தால், வாசல் வாங்கில் இருக்கிறார். அவர் தானாக இருந்து நான் கண்டது அன்றைக்குத்தான். தேத்தண்ணி கொடுத்தேன். வாங்கிக் கீழே வைத்தார்.

"நான் போனா அந்த வெட்டையிலதான் என்னப் புதைப்பாங்க," என்றார். "புதைக்கட்டும். மேல ஒண்டும் கட்ட வேணாமெண்டு சொல்லு. மண்டபம் வேணா, மதில் வேணா. ஆடு மாடு நடந்து போகட்டும்."

"என்னட்டச் செல்லி என்ன சாமி? நான் சோனகன். உங்கட ஆக்களுக்கிட்டச் செல்லுங்க."

"சொன்ன நான். கும்பிடுறாங்க. கேக்கிறாங்க இல்ல."

நான் சொல்கிறேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்தார். அவருடைய கை என் கையில் ஏதாவது கட்டியிருக்கிறதா என்று மணிக்கட்டைத் தடவிப் பார்த்தது. மணிக்கூட்டின் வார் இருந்தது. அதைக் கழற்றி என் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு எழும்பிப் போனார்.

அடுத்த மழைக்கு முன்னர் போய்விட்டார். இரண்டு ஊரும் கடையைச் சாத்தின. எங்கள் ஆட்கள் கொஞ்சத் தூரத்தில் நின்றோம், தொப்பியைக் கழற்றாமல். சாமிமாரை இருத்தித்தான் புதைப்பார்கள். குழியில் உப்பும் கற்பூரமும் திருநீறும் கொட்டியிருந்தார்கள். சப்பாணி கட்டி இருத்துவதற்காக அவருடைய காலையும் இடுப்பையும் நாடியையும் வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். எனக்கு அதைப் பார்க்க ஏலாமல் போய்விட்டது. கோயிலை நடத்துகிற வண்ணக்கர் குழிக்குப் பக்கத்தில் நின்றார். அமைதியான மனிதர், என் கடையில் பல காலம் சாப்பிட்டவர். கிட்டப் போனேன்.

"எங்கட மையித்துக்குக் குழிக்குள்ள வெச்சதும் கபன் சீலை முடிச்ச அவிழ்ப்பம்," என்றேன்.

"எங்கடயிலயும் அவிழ்ப்பம் காக்கா," என்றார் வண்ணக்கர். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம், அவரும் அப்படித்தான் என்னைக் கூப்பிடுவார்.

தானே குழிக்குள் இறங்கி ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். நாடிக் கட்டை அவிழ்த்தபோது வாய் கொஞ்சம் திறந்துகொண்டது. பெண்கள் அழுதார்கள். நான் மேலே கட்ட வேண்டாம் என்று அவர் சொன்னதை அங்கேயே சொன்னேன். தெரியும், எங்களுக்கும் சொன்னவர் என்று வண்ணக்கர் தலையை ஆட்டினார். மண்ணைத் தள்ளினோம். நானும் தள்ளினேன். அந்த நாளைப் பற்றி எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

கொஞ்ச நாளில் வெட்டையில் சீமெந்துக் கல் இறங்கியது.

போய்க் கேட்டேன். சமாதிக்கு மண்டபம் என்றார்கள், சுற்றிவர மதில் என்றார்கள். கோயில் ஆட்கள் கூடி நின்றார்கள். எனக்கு நயமாகக் கதைக்கத் தெரியாது. அவர் கட்ட வேண்டாம் என்று என்னிடம் வாயால் சொன்னவர், நீங்கள் அவரைக் கும்பிடுகிறீர்களா அவர் பேச்சைக் கேட்கிறீர்களா என்று சத்தம் போட்டேன்.

பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற ஒருவர் முன்னுக்கு வந்தார். உங்கள் ஊரில் அவுலியாவை அடக்கிய இடத்தில் இருந்த ஸியாரக் கட்டடத்தை, கப்ருக்கு மேலே கட்டக்கூடாது என்று சொல்லி உங்கள் பொடியன்கள் இடித்தார்களே, அந்தப் பேச்சைத்தானே இங்கே கொண்டு வந்து பேசுகிறீர்கள் என்று கேட்டார். அது உண்மைதான். அந்த ஸியாரத்தில் என் உம்மா கந்தூரிச் சோறு ஆக்கினவர். பொடியன்கள் ஒரு காலையில் அதை உடைத்துப் போட்டார்கள். அதே சொல்தான், கட்டக் கூடாது. அவர்கள் வாயிலும் அதுதான், சாமி வாயிலும் அதுதான். என் வாயில் வந்தால் அது யாருடைய சொல் என்று இவர்கள் எப்படி அறிவார்கள்?

கூட்டத்துக்குள் இருந்து தமிழ் ஊர்ச் சலூன்காரன் சொன்னான்:

"காக்கா, கொத்துரொட்டிக்குச் சொன்னத வெச்சு ஒரு கலியாணமே நிண்டது எண்டு நீங்கதானே சொன்ன? இதுவும் ரொட்டிக்குத்தான் சொன்னாரோ என்னவோ."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்க வைத்த அதே சிரிப்பு.

அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால், ஸியாரத்தை உடைத்த அதே பொடியன்கள் வரிசையாக வந்து ஸலாம் சொல்லிக் கையைப் பிடிக்கிறார்கள். கப்ர் கட்டுவதை முகத்துக்கு நேரே தடுத்தீர்களாம், மாஷா அல்லாஹ் என்கிறார்கள். அவர்களைத் தள்ளிக்கொண்டு வந்தால் பள்ளிவாசல் மரைக்கார் நிற்கிறார். பள்ளி நிருவாகத்தில் எங்கள் குடிக்குத் தலைவர்.

"நீங்க கேட்டத அப்பிடியே பொலிசில செல்லணும்," என்றார். "மௌத்தானவர்ர கடைசிச் சொல், வசிய்யத்து. ஆர்ர வசிய்யத்தெண்டாலும் நிறைவேத்தத்தானே வேணும்."

"செல்றன்," என்றேன். "அவங்க கட்டாட்டி, நாமளும் அதுல கட்டாம இரிப்பமா?"

மரைக்கார் என்னைக் குழந்தையைப் பார்ப்பது மாதிரிப் பார்த்துச் சிரித்தார். "அது வேற கதை," என்றார். அந்த வெட்டையில் எங்கள் மையித்துகளை அடக்க மையவாடி என்று மதில் கட்ட ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார்களாம். வேண்டியது என் வாய் மட்டும்.

நான் பொலிசுக்குப் போகவில்லை. போயிருந்தால் சாமியின் மண்டப வேலை நின்றுபோயிருக்கும், எங்கள் மதில் மட்டும் எழும்பியிருக்கும். போகாததால் மண்டபமும் எழும்பியது. அந்த மனிதர் என்னிடம் விட்டுப்போன ஒரு சொல்லை நான் எந்தப் பக்கம் கொண்டுபோனாலும் அது ஒரு கல்லாக மாறியது.

வண்ணக்கர் ஒருநாள் கடைக்கு வந்தார். எல்லோரும் வருவதை விட்டுவிட்ட நேரம் அது. தமிழ் ஆட்கள் என் கடையில் சாப்பிடுவதில்லை, பொலிசில் சாட்சி சொல்லாத என்மேல் எங்கள் ஆட்களுக்கும் ஆத்திரம். அவர் மட்டும் வந்து பழைய மேசையில் இருந்தார். தேத்தண்ணி கேட்டார். நான் அவருக்கு முன்னால் நின்று, அன்றைக்குக் குழிக்குள் இறங்கி முடிச்சை அவிழ்த்த நீங்களா இதைச் செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

அவர் கிளாஸைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நாங்க கட்டாட்டி உங்கட ஆக்கள் கட்டுவாங்க," என்றார். "இல்லெண்டு சொல்லுங்க காக்கா. உங்கட வாயால ஒருக்காச் சொல்லுங்க. நான் நாளைக்கே வேலைய நிப்பாட்டுறன்."

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. நிறுத்தியிருப்பார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். என் காதில் மரைக்காரின் சிரிப்பு. நான் மேசையைத் துடைத்தேன். துடைத்த மேசையைத் திரும்பவும் துடைத்தேன். அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். எழும்பும்போது என் தோளில் கையை வைத்தார், மையித்து வீட்டில் வைப்பது மாதிரி.

இப்போது வெட்டை இல்லை. இந்தப் பக்கம் சமாதி மதில், அந்தப் பக்கம் எங்கள் மையவாடி மதில். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆடு திரும்ப இடமில்லாத சந்து. அதில் பிளாஸ்டிக் போத்தல் கிடக்கிறது. முனையில் பொலிஸ் கொட்டில். மீன்காரர் பெரிய வீதியால் சுற்றிப் போகிறார்கள். பூவரசைத் தறித்துவிட்டார்கள். சமாதிக்கு இரும்புக் கதவு, கதவுக்குச் சங்கிலி, சங்கிலிக்குப் பூட்டு. வாசல் வளைவில் பொன் நிறத்தில் அவருடைய வாக்கை எழுதியிருக்கிறார்கள்.

கட்டாதே.

கீழே பளிங்குக் கல்லில் அதற்கு விளக்கம். ஆசை, பாசம், பந்தம் இவற்றால் ஆன்மாவைக் கட்டாதே என்று. படிப்பிக்கிறவர் எழுதிக் கொடுத்தாராம். நல்ல தமிழ்.

குருபூசை முடிந்த மறுநாள் நான் உள்ளே போனேன். அன்றைக்குத்தான் கதவு பகல் முழுவதும் திறந்து கிடக்கும். சமாதியைச் சுற்றி இரும்புக் கம்பி வலை. வலை தெரியவில்லை. முழுவதும் நூல். கலியாணத்துக்கு மஞ்சள் நூல், பிள்ளைக்குச் சின்னத் தொட்டில், நோய்க்குக் கிழிந்த சீலைத் துண்டு. ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டிக் கட்டி, கடற்காற்றில் உப்புப் பட்டு, கல் மாதிரி இறுகிப்போய்க் கிடந்தன. அவ்வளவு முடிச்சுகளுக்கு நடுவில் அவரை இருத்தியிருக்கிறார்கள்.

ஒரு முடிச்சையாவது அவிழ்ப்போம் என்றுதான் கையை வைத்தேன். என் நகம் போகவில்லை. பல்லால் கடிக்கலாமா என்று பார்த்துக்கொண்டு நின்றபோது, பக்கத்தில் ஒரு பெண் வந்து நின்றார். என் வயதிருக்கும். தமிழ் ஊர் ஆள். கையில் நீல நூல். விரல்கள் வாதத்தில் கோணிப்போய் இருந்தன. நூலைச் சுற்றுவார், நழுவும். மறுபடி சுற்றுவார், நழுவும்.

"காக்கா, இந்த முனைய ஒருக்காப் பிடிங்க," என்றார். "கை மடங்குதில்ல."

என்ன நேர்த்தி என்று கேட்டேன். மகன் அவுஸ்திரேலியாவுக்கென்று போட்டில் போனவன், போன நாளிலிருந்து ஒரு கதையும் இல்லை என்றார். சாமி முன்னர் தோணிகளை அவிழ்த்துவிட்டவர்தானே, எந்தத் தோணி எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும் என்றார்.

நான் முனையைப் பிடித்தேன். அவர் முடிச்சைப் போட்டார். என் விரலை அமத்தி வைத்துக்கொண்டு இன்னொரு முடிச்சும் போட்டார்.

"இறுகிட்டா காக்கா?" என்று கேட்டார்.

இழுத்துப் பார்த்தேன்.

"ஓம்," என்றேன். "இறுகிட்டு."